ராத்திரி பத்து மணிக்கு மேல ஓடுற தையல் மெஷின்: வீட்டுல இருந்தே தைக்கிறவங்களுக்கு ஒரு கையேடு

ராத்திரி பத்து மணிக்கு மேல உங்க தெருவுல நடந்து பாருங்க. டி.வி சத்தமெல்லாம் அடங்கின பிறகு ஏதோ ஒரு வீட்டுல இருந்து 'டர்ர்ர்ர்'னு ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். பகல்ல ஆபீஸ், சாயங்காலம் சமையல், ஹோம்வொர்க் எல்லாம் முடிச்சு, புள்ளைங்க தூங்கினதுக்கு அப்புறம் ஒருத்தங்க தைக்க உட்கார்ந்திருக்காங்கன்னு அர்த்தம். அடுத்த நாள் காலையில பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த ஜாக்கெட் போயாகணும்.

இன்ஸ்டாகிராம்ல ஆரி ஒர்க் ரீல்ஸ் பார்த்துட்டு, 'நாமும் ஆரம்பிச்சா என்ன?'ன்னு நினைக்கிறவங்க இப்போ நிறைய. ரீல்ஸ்ல ஒரு நிமிஷத்துல முடியுற ஜாக்கெட் நிஜத்துல மூணு, நாலு மணி நேரம் எடுக்கும். எந்த மெஷின் வாங்கறது, நேரத்தை எப்படிப் பிரிக்கறது, என்ன கூலி கேட்கறது, அரசாங்கத்துல என்ன கிடைக்கும் என்று தேவையான எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

முதல்ல மெஷின்

தையல் மெஷின் வீட்டுக்குள் வந்த கதையே கொஞ்சம் சுவாரஸ்யம். மேல் நூல், கீழ் நூல் இரண்டையும் கோத்துப் பூட்டும் தையலுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கினார். 1851-ல் ஐசக் சிங்கர் தன் மெஷினுக்கு வாங்கினார். சாதாரணக் குடும்பங்களால் மொத்தப் பணத்தையும் ஒரே நேரத்தில் கட்ட முடியாது என்பதால், சிங்கர் நிறுவனம் மாதத் தவணையில் விற்க ஆரம்பித்தது. இன்று நாம் போனுக்குக் கட்டும் இ.எம்.ஐ-க்கு அது ஒரு வகையில் தாத்தா முறை. இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு எச்சரிக்கையாக இருந்த காந்தியே, 1924-ல் நடந்த ஓர் உரையாடலில் தையல் மெஷினுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் சிங்கர் இதை உருவாக்கினார், அதனால் இதன் பின்னால் அன்பு இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.

சரி, எதை வாங்குவது? நம் ஊர்ல நாலு வகைதான் புழக்கத்தில் இருக்கு.

கறுப்பு நிற சாதா மெஷின். காலால் மிதிக்கலாம், மோட்டாரும் மாட்டலாம். நேர்த் தையல் மட்டும் போடும். பாட்டி காலத்து மெஷின் பரண்ல கிடந்தா அதை விற்றுவிடாதீர்கள். மெக்கானிக் வந்து ஷட்டிலையும் பெல்ட்டையும் மாற்றினால் பெரும்பாலும் திரும்ப ஓடும். பழகுவதற்கு இதைவிட நல்ல மெஷின் கிடையாது. காலால் மிதிக்கும்போது வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், கரன்ட் போனாலும் வேலை நிற்காது.

ஜிக்ஜாக் மெஷின். மேஜையில் வைத்துக்கொள்ளும் வெள்ளை நிற மாடல். நேர்த் தையலோடு வளைவு நெளிவுத் தையல், காஜா, ஓரம் அடிப்பது எல்லாம் இதிலேயே ஆகும். வேலைக்குப் போய்க்கொண்டே சொந்தத் துணி, குழந்தை டிரஸ், சேலைக்கு ஓரம் அடிப்பது என்று இருப்பவர்களுக்கு இது போதும். நாள் முழுக்க ஆர்டர் தைப்பதற்கு ஏற்ற உடம்பு இதற்குக் கிடையாது.

பவர் மெஷின். கார்மென்ட்ஸ் கம்பெனியில் இருப்பது. நிமிஷத்துக்கு 5,000 தையல் வரை போகும். அந்த வேகத்தில் புதுசாகப் பழகுபவர்கள் விரலைக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. மாதம் முழுக்க ஆர்டர் நிச்சயம் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். வாங்கினால் சர்வோ மோட்டார் வைத்ததாகக் கேளுங்கள். பழைய கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காமல் இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே கரன்ட் குடிக்கும், சத்தமும் போடும். சர்வோ நீங்கள் மிதித்தால்தான் ஓடும். ராத்திரி தைப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்!

நாலாவது, ஆன்லைனில் ஆஃபரில் வரும் குட்டி மெஷினும் கையில் பிடித்துத் தைக்கும் ஸ்டேப்ளர் மாதிரியான பொருளும். வாங்காதீர்கள். கையடக்க மாடல் ஒரே நூலில் சங்கிலித் தையல் போடுகிறது. கடைசி முனையை இழுத்தால் மொத்தத் தையலும் பிரிந்து கையில் வந்துவிடும். அவசரத்துக்குத் திரைச்சீலை ஓரம் மடிக்கலாம், அவ்வளவுதான்.

'மெஷின் சரியில்ல' என்பதில் பாதி, ஊசி சரியில்ல

யூடியூபில் கட்டிங் வீடியோ ஆயிரம் இருக்கு, ஊசி பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஊசிப் பாக்கெட்டில் 14/90, 16/100 என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் ஊசியின் தடிமன். 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். மெல்லிய பட்டு, ஷிஃபான், ஜார்ஜெட்டுக்கு 9 அல்லது 11. லைனிங் வைத்த காட்டன் ஜாக்கெட்டுக்கு 14. ஜீன்ஸ், கட்டைப்பைத் துணிக்கு 16 அல்லது 18. டி-ஷர்ட், லெக்கிங்ஸ் மாதிரி இழுபடும் துணிக்கு முனை உருண்டையான பால்பாயின்ட் ஊசி வேண்டும். சாதா ஊசி போட்டால் பின்னலைக் குத்திக் கிழித்து, துவைத்த பிறகு வரிசையாக ஓட்டை தெரியும்.

வீட்டு மெஷின் ஊசிக்கு மேல் பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஜிக்ஜாக் மெஷினில் அந்தத் தட்டைப் பக்கம் பின்னால் பார்க்கணும். கறுப்பு மெஷினில் அது பக்கவாட்டில் வரும், எந்தப் பக்கம் என்பது மாடலைப் பொறுத்தது. பவர் மெஷின் ஊசியின் தலை முழு உருண்டை. ஒன்றை இன்னொன்றில் போட முடியாது. ஊசி மழுங்கினால் 'டொக் டொக்' என்று சத்தம் வரும். உடையும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

அடுத்து நூல். துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் எல்லோரும் பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். தப்பு பெரும்பாலும் மேலே இருக்கும். மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்காரவில்லை, அல்லது அது லூசாக இருக்கிறது. மொத்த நூலையும் எடுத்துவிட்டு, பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து முதலில் இருந்து கோருங்கள். பத்தில் ஏழெட்டு முறை அதிலேயே சரியாகிவிடும் என்பது எங்கள் வீட்டு அனுபவம். மாறாக, கீழ் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் ரொம்ப டைட்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசினாக மாறி உள்ளே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் ஆயில் என்றே தனியாகச் சின்ன பாட்டிலில் கிடைக்கிறது. பாபின் பகுதியில் சேரும் பஞ்சை வாரம் ஒரு முறை பழைய டூத்பிரஷ்ஷால் எடுத்துவிட்டு ரெண்டு சொட்டு விடுங்கள். பிறகு ஒரு கழிவுத் துணியில் கொஞ்சம் தைத்துவிட்டு நல்ல துணியைத் தொடுங்கள். இல்லையென்றால் பட்டு ஜாக்கெட்டில் எண்ணெய்க் கறை, அதற்குப் பிறகு வரும் போன் கால்... வேண்டாம்.

ஜாக்கெட்: எங்கே தப்பு நடக்குது?

புடவையோடு வரும் ஜாக்கெட் துணி வழக்கமாக 80 சென்டிமீட்டர் இருக்கும். உடம்பு கொஞ்சம் பெரியது, முழங்கை வரை கை வேண்டும் என்றால் அது போதாமல் போகலாம். துணியை வாங்கும்போதே அளந்து, வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வெட்டின பிறகு சொன்னால் 'துணியை எடுத்துக்கிட்டாங்க' என்ற பெயர்தான் மிஞ்சும்.

லைனிங் துணியை வெட்டும் முன் தண்ணீரில் நனைத்து, காய வைத்து, அயர்ன் செய்யணும். சேலைக்கு வைக்கும் ஃபால்ஸுக்கும் இதே விதி. நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல் துணி பலூன் மாதிரி உப்பி நிற்கும். ஃபால்ஸ் சுருங்கினால் சேலைக் கொசுவம் அடியில் சுருக்கம் சுருக்கமாக இழுக்கும். அவசர ஆர்டரில் இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். அதனால் சும்மா இருக்கும் ஒரு நாளில் வெள்ளை, கறுப்பு, சந்தனம், மெரூன் என்று அடிக்கடி வேண்டிய லைனிங் துணிகளை மொத்தமாக நனைத்து அயர்ன் செய்து அடுக்கி வைத்துவிடுவது நல்லது.

அளவு ஜாக்கெட்டை நம்புவதா, டேப்பை நம்புவதா? இரண்டையும். அளவு ஜாக்கெட்டைத் தரையில் விரித்து அக்குள் முதல் அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்று வந்துவிடும். ஆனால் அந்த ஜாக்கெட் எப்போது தைத்தது, இப்போது போட்டால் சரியாக இருக்கிறதா, எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கேட்கணும். 'இதே மாதிரி தைங்க, ஆனா கொஞ்சம் லூஸா' என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' எத்தனை இன்ச் என்று பேசி நோட்டில் எழுதுங்கள். உயரம், தோள்பட்டை, மார்பு, இடுப்பு, ஆர்ம்ஹோல், கை நீளம், கை லூஸ், முன் கழுத்து, பின் கழுத்து, டாட் பாயின்ட் என்று பத்து அளவுக்கும் ஒருவருக்கு ஒரு பக்கம், மேலே தேதி. ஆறு மாதம் கழித்து அவரே வந்தாலும் புதிதாக அளங்கள், குழந்தை பிறந்தவர்களுக்குக் கட்டாயம்.

முன்பக்கத்தைக் கிராஸாக வெட்டுவது ஏன் தெரியுமா? துணியை நெசவு இழைக்கு நேராகப் பிடித்து இழுத்தால் நீளாது. 45 டிகிரி சாய்வில் இழுத்தால் நீளும். அந்த நெகிழ்வுதான் உடம்போடு ஒட்டி உட்கார வைக்கிறது. கழுத்துக்கு வைக்கும் பைப்பிங் துண்டையும் இதே காரணத்துக்காகத்தான் சாய்வாக வெட்டுகிறோம். நேராக வெட்டிய துண்டை வளைவில் வைத்துத் தைத்தால் சுருக்கம் விழும்.

பக்கத் தையலில் உள்ளே ஒரு இன்ச்சாவது துணி விடுங்கள். நம் வீடுகளில் ஜாக்கெட் என்பது பிரித்துப் பிரித்துப் பத்து வருஷம் போடும் பொருள்.

ஆரி, குஞ்சம், ஒயர் கூடை

மெஷின் இல்லாமலும் கைத்தொழில் இருக்கிறது. இப்போது அதிகம் பேர் இறங்குவது ஆரி ஒர்க். கொக்கி முனை வைத்த ஊசியை மேலே ஒரு கை பிடிக்கும், துணிக்கு அடியில் இன்னொரு கை நூலைக் கொடுக்கும். ஊசி கீழே போய் நூலைக் கவ்விக்கொண்டு மேலே வந்து சங்கிலித் தையல் போடும். குஜராத்தில் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தினரின் கொக்கி ஊசியில் இருந்து வளர்ந்த கலை இது. இன்று நம் ஊர்க் கல்யாண ஜாக்கெட்டில் அது இல்லாமல் முடியாது என்ற நிலை.

ஆரியில் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு, துணியை முதலிலேயே வெட்டிவிடுவது. ஜாக்கெட்டின் வடிவத்தை முழுத் துணியில் வரைந்து, ஃபிரேமில் இழுத்துக் கட்டி, வேலை முடிந்த பிறகுதான் வெட்டணும். ஒவ்வொரு சங்கிலியின் முடிவிலும் முடிச்சுப் போடணும், இல்லையென்றால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். கோந்து வைத்து ஒட்டிய கல் துவைத்தால் உதிரும். தைத்த கல் நிற்கும். எதைச் செய்திருக்கிறீர்கள் என்று கொடுக்கும்போதே சொல்லுங்கள். அயர்ன் செய்தால் பின்பக்கம் திருப்பி, கீழே தடிமனான டவல் விரித்து. பிளாஸ்டிக் மணிமேல் சூடு பட்டால் உருகிவிடும்.

டிசைனைத் துணியில் இறக்க, பட்டர் பேப்பரில் ஊசியால் ஓட்டை போட்டு, பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்க்கும் பழைய முறை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், குழந்தை இருக்கும் இடத்தில் அது வேண்டாம். கார்பன் தாள் போதும்.

சேலைக் குஞ்சம் கட்டுவது பஸ்ஸில் போகும்போதுகூட யோசித்துப் பார்க்கக்கூடிய அளவுக்கு எளிய முதலீடு. சில்க் நூல், மணி, ஒரு குரோஷே ஊசி. ஆனால் ஒரே ஒரு சோதனையை மறக்கக் கூடாது. நூலைக் கட்டும் முன் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூலைத் தூக்கிப் போடுங்கள். ஐம்பது ரூபாய் நூல், பல ஆயிரம் ரூபாய் பட்டுச் சேலையின் முந்தானையைக் கெடுத்துவிடும்.

ஒயர் கூடை திரும்ப வந்திருக்கிறது. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் ஒரு தலைமுறை மறந்து, இப்போது காலேஜ் பொண்ணுங்க லஞ்ச் பேக் ஆக வாங்குகிறார்கள். துணிப்பைக்கும் தேவை இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. தையலில் முதல் பாடமாகவும் முதல் வருமானமாகவும் பை தைப்பதைவிட நல்லது இல்லை. நேர்த் தையல் மட்டும்தான், அளவு தப்பினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டு வேலைக்கு நடுவில் செய்யும் கைவேலை என்றால் இரண்டு ஊர்களைச் சொல்லாமல் போக முடியாது. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே போடுவார்கள். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைப்பக்கம் சிட்லிங்கியில், மறந்துபோகவிருந்த லம்பாடி எம்பிராய்டரியை வயதான சில பெண்களிடம் இருந்து இளையவர்கள் கற்றுக்கொண்டு 'போர்கை' என்ற அமைப்பாக நடத்துகிறார்கள். லம்பாடி மொழியில் அதற்குப் 'பெருமை' என்று பொருள். வயல் வேலை, வீட்டு வேலை போக மிச்ச நேரத்தில் போடும் தையல்தான் அதுவும்.

நேரம்: எதைத் துண்டு துண்டாகச் செய்யலாம், எதைக் கூடாது

தையலில் ஒரு உண்மை. தப்பாகத் தைத்தால் பிரிக்கலாம், தப்பாக வெட்டினால் ஒட்ட முடியாது. அதனால் வெட்டும் வேலைக்கு உங்களின் நல்ல நேரத்தைக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ளும் ஒரு மணி நேரம். ஆபீஸ் முடிந்து வந்து, தலைவலியோடு, ராத்திரி பதினொரு மணிக்குக் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டுவது, பூ டிசைனைத் தலைகீழாக வெட்டுவது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

மெஷினில் தைப்பதை அரை மணி, முக்கால் மணி என்று உடைக்கலாம். ஒரே கலர் நூல் போகும் துணிகளைச் சேர்த்துத் தைத்தால் நூல் மாற்றும் நேரம் மிச்சம். ரெண்டு, மூணு பாபினில் முன்னாடியே நூல் சுற்றி வையுங்கள்.

ஹூக் வைப்பது, கை ஹெம்மிங், குஞ்சம், குரோஷே எல்லாம் ஐந்து நிமிஷம் கிடைத்தாலும் செய்யலாம். குக்கர் விசில் வருவதற்குள் ரெண்டு ஹூக். குழந்தையை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும்போது அரைக் குஞ்சம். இதற்காகவே ஒரு சின்ன டப்பாவில் ஊசி, நூல், ஹூக், குட்டிக் கத்தரி.

கத்தரியைப் பற்றி ஒரு சட்டம் வீட்டில் போடுங்கள். துணி வெட்டுவதை யாரும் பேப்பர் வெட்டவோ பால் பாக்கெட் வெட்டவோ எடுக்கக் கூடாது. (இதை மீறாத கணவரும் குழந்தைகளும் உள்ள வீடு உண்டா என்று தெரியவில்லை. கத்தரியை ஒளித்து வைப்பதே வழி.)

சின்னக் குழந்தை இருந்தால் வேலை முடிந்ததும் மெஷின் ப்ளக்கைப் பிடுங்குங்கள். ஊசி விழுந்தால் தேட ஒரு காந்தம் வையுங்கள். ஊசியை வாயில் கடித்துக்கொண்டு தைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கு. அதைப் பார்த்துக் குழந்தையும் செய்யும்.

உடம்பையும் பார்க்கணும். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து தைத்தால் இடுப்பு போய்விடும். முதுகு சாயக்கூடிய நாற்காலி, முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும் உயரம். டியூப்லைட் தலைக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே துணிமேல் விழும். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எல்.இ.டி விளக்கு மாட்டுங்கள். ஆரி போடுகிறவர்கள் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை தலை நிமிர்ந்து தூரமாகப் பாருங்கள்.

கூலி: இதைத்தான் யாரும் பேசுறதில்ல

'வீட்ல சும்மாதானே இருக்க, ஒரு ஜாக்கெட் தைச்சுக் கொடேன்.' இந்த ஒரு வரியில் வீட்டுத் தையல்காரர்களின் மொத்தப் பிரச்னையும் இருக்கு. கடையில் கேட்கும் கூலியைக் கொடுக்கிறவர்கள், வீட்டில் தைக்கும் அக்காவிடம் பாதிக்குப் பேரம் பேசுவார்கள். வாடகை இல்லையே என்பது அவர்கள் வாதம். வாடகை இல்லை, சரி. உங்கள் நேரம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரண எண்கள்தான், உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். லைனிங் ஜாக்கெட் ஒன்று. லைனிங் துணி 60 ரூபாய். நூல், ஹூக், கயிறு 15. கரன்ட் 5 என்று வையுங்கள். உண்மையில் 100 வாட் மோட்டார் விடாமல் பத்து மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட் ஆகும், ஆனால் அயர்ன் பாக்ஸும் ஃபேனும் இருக்கே. மெஷின் 12,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்து வருஷம் ஓடும் என்றால் மாதத்துக்கு 200. மாதம் 20 ஜாக்கெட் தைத்தால் ஒன்றுக்கு 10. மொத்தச் செலவு 90 ரூபாய்.

அளவு எடுப்பது, வெட்டுவது, தைப்பது, ஹூக், ஹெம்மிங், அயர்ன் எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று ரொம்பக் குறைவாக வைத்தாலும் 210. ஆக 300 ரூபாய் கேட்டால்தான் அந்த மணிக்கூலியாவது கிடைக்கும். 'தெரிஞ்சவங்க' என்று 150-க்குத் தைத்தால், செலவு போக மிஞ்சுவது 60 ரூபாய். மூன்றரை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 17 ரூபாய் சொச்சம். தூக்கத்தைக் கெடுத்துத் தைத்த நேரத்துக்கு விலை அது.

இந்தக் கணக்கை ஒரு முறை பேப்பரில் எழுதிப் பார்த்தால் பிறகு வாய் தானாக 'முடியாதுக்கா' சொல்லும். விலைப் பட்டியல் ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வையுங்கள். முகத்துக்கு நேராகக் காசு பேசக் கூச்சப்படுபவர்களுக்கு அந்தத் தாள் பேசும். ஆரிக்கும் பெரிய ஆர்டருக்கும் அட்வான்ஸ் இல்லாமல் மணி வாங்கப் போகாதீர்கள். சொந்தக்காரர்களுக்குக் கூலி வாங்காமல் தைக்க விருப்பமா? தைங்க, தப்பில்லை. ஆனால் அதையும் நோட்டில் 300 ரூபாய் என்று எழுதி, 'அன்பளிப்பு' என்று போடுங்கள். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

தையல் வருமானத்துக்குத் தனி வங்கிக் கணக்கு அல்லது தனி யு.பி.ஐ வைப்பது நல்லது. பால் காசோடு கலந்துவிட்டால் லாபமா நஷ்டமா என்று கடைசி வரை தெரியாது.

அரசுப் பக்கம் என்ன இருக்கு?

கற்றுக்கொள்ள: ஐ.டி.ஐ-யில் ஓராண்டு தையல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தையலுக்கு லோயர், ஹையர் என்று தொழில்நுட்பத் தேர்வு நடத்துகிறது. கைத்தொழில் ஆசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அந்தச் சான்றிதழ் உதவும். கிராமத்தில் இருப்பவர்கள் உங்கள் மாவட்டத்தில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் கேளுங்கள். பயிற்சி இலவசம்.

மெஷினுக்கு: சமூக நலத் துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் உண்டு. தையல் தெரிந்திருக்கணும், வயது, வருமான வரம்புகளும் இருக்கின்றன. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கானது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கடனுக்கு: மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் வந்தது, 18 தொழில்களில் தையலும் ஒன்று. குடும்பத் தொழில், சாதி அடிப்படை என்ற விமர்சனத்தோடு தமிழ்நாடு அரசு அதை ஏற்காமல், கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்டபடி 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவிகிதம் மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். 35 வயது ஆகியிருக்கணும் என்பதால் இதைப் படிக்கும் பலர் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய விதிகளைக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

உத்யம் பதிவு முழுக்க இலவசம். 'பதிவு பண்ணித் தர்றோம்' என்று காசு கேட்கும் இணையதளங்கள் நிறைய, ஏமாறாதீர்கள். தைத்துக் கொடுப்பது சேவை. அதில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம் இல்லை.

நிலையான வேலை வேண்டும் என்றால் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கத்தில் சேர முடியுமா என்று பாருங்கள். அரசுப் பள்ளிக் குழந்தைகளின் இலவசச் சீருடை இந்தச் சங்க உறுப்பினர்கள் கையால்தான் தைக்கப்படுகிறது. கூலி குறைவு என்ற குறை அவர்களுக்கு உண்டு. ஆனால் வருஷா வருஷம் துணி வரும்.

இன்னொரு பக்கம், 'வீட்டிலிருந்தே தையல் வேலை, துணி நாங்கள் அனுப்புவோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வரும் மெசேஜ். வேலை கொடுப்பவர் உங்களிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

தீபாவளிக்கு முன்னால்

வீட்டுத் தையல்காரருக்கு வருஷத்தில் இரண்டு கண்டம். ஒன்று முகூர்த்த மாதங்கள், இன்னொன்று தீபாவளி. உங்களால் ஒரு வாரத்தில் எத்தனை முடியும் என்று சாதாரண வாரத்திலேயே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை நிரம்பியதும் ஸ்டேட்டஸில் 'ஆர்டர் முடிந்தது' போட்டுவிடுங்கள். வாடிக்கையாளரிடம் சொல்லும் தேதியை நிஜமாக முடியும் தேதிக்கு இரண்டு நாள் தள்ளிச் சொல்லுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஆபீஸில் மீட்டிங் வரும், மெஷினும் அன்றைக்குத்தான் மக்கர் பண்ணும்.

ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, தீபாவளிக் காலையில் சொந்த ஜாக்கெட்டைச் சேஃப்டி பின் குத்திக்கொண்டு நிற்கும் அம்மாக்களை நம் எல்லோர் வீட்டிலும் பார்த்திருக்கிறோம். ஆர்டர் நோட்டில் முதல் வரியில் உங்கள் பெயரை எழுதுங்கள். ரெண்டாவது வரியில் உங்கள் குழந்தை பெயர். அதற்குக் கீழே தெருவில் இருக்கும் மற்றவர்கள்.